நுரையீரலுக்கு மை

தொண்ணூற்றொன்றில், தாம்பரம்–வாலாஜாபாத் பஸ்ஸில், என் முன் சீட்டில் கேட்டது:

"மாமா, ஒன் நுரையீரலுக்கு மை பூசிகிறாங்க."

சொன்னவர் அந்த மாமாவின் மச்சான், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் வாங்கி வருகிறார். படப்பையில் ஏறிய மாமாவுக்குத்தான் போன மாதம் புற்றுநோய்க் கட்டியோடு நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"மையா? இன்னாத்துக்குடா?"

"வெட்டின ஓரத்துல பூசி, கட்டி மை வரிக்கும் வந்துகீதான்னு மைக்ராஸ்கோப்புல பாப்பாங்களாம். வர்ல. ஓரம் கிளீன்."

"நெறிகட்டிங்க? அங்க பரவிச்சின்னாதான் டேஞ்சர்னாங்களே."

"அத்தினியும் ஒண்ணுவுடாம நறுக்கிப் பாத்துகிறாங்க மாமா! கம்பெனில நம்ம செக்கிங் லைன்ல பொட்டிக்கு ரெண்டு பீஸ் பாத்து பாஸ் போடுவோமே, அப்டிப் பாத்தா இன்னான்னு கேட்டேன். டாக்டரம்மா என்னை வெளிய நிக்கச் சொல்ட்டாங்க."

"என் உசுருக்கு சாம்பிள் செக்கிங்காடா? பரவிச்சா, இல்லியா?"

ஒரகடத்தில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. பஸ் மட்டும் நகரவில்லை. கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

"நெறிகட்டி இன்னா ஆச்சு? அத்த சொல்லுப்பா, வண்டி எடுக்கணும்."

"ஒண்ணுலகூட இல்லண்ணே."

மாமா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் ஊதிய விசில் வடக்குப்பட்டு வரை கேட்டிருக்கும்.