துருவத்திலிருந்து வந்த ஐந்து நிமிடம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! முன்வரிசையில் முறுக்குத் தின்னும் சின்னஞ்சிறு செல்வங்களே! படூர் மண்ணுக்கும் மக்களுக்கும் சதாசிவத்தின் பணிவான வணக்கம்!

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? கோவாவில் இருக்கிறதே, துருவ ஆராய்ச்சிக்கான நடுவண் அரசு நிறுவனம், அது தேர்ந்தெடுத்து அண்டார்டிகாவுக்கு அனுப்பிய நம் செல்வராஜுக்காக! அங்கே போனவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகளா? இல்லை! ஜெனரேட்டர் மெக்கானிக்கும் போனான்! அந்த இயந்திரம் நின்றால் வெப்பம் நிற்கும்; வெப்பம் நின்றால் விஞ்ஞானமும் நிற்கும்! போதும், போதும், கைதட்டியது போதும். கேளுங்கள்.

கப்பல் திரும்பிவிட்டால் அடுத்த கோடை வரை அங்கிருந்து யாரும் வர முடியாது. ஞாயிறுதோறும் ஐந்தே நிமிடம் தொலைபேசியில் பேசலாம். அவன் வீட்டில் தொலைபேசி இல்லாததால் என் வீட்டுக்கு வரும்.

சென்ற ஆகஸ்டில் அவன் மனைவி பொன்னிக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் ஞாயிறு. ஏழு பேர் என் வீட்டில் வரிசை கட்டி நின்றோம். மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தவன் யார்? நான்தான்! "பனிப்பாலை வென்ற பைந்தமிழ்ச் சிங்கமே!" என்று தொடங்கி இரண்டு நிமிடம் முழங்கினேன். சிரிக்காதீர்கள் அம்மா, எனக்கே வெட்கமாக இருக்கிறது. குழந்தையைப் பற்றிச் சொன்னேனா? இல்லை! அதைச் சொந்தக்காரர் வாயால் சொல்வதே முறை என்று விட்டேன். பின்னால் நின்றவர்களோ, 'சதாசிவம் சொல்லாமலா இருப்பார்' என்று விட்டார்கள். கடைசியில் அவன் அண்ணன் வாசுதேவன் ரிசீவரை வாங்கினான்.

"அண்ணாத்த, பொன்னி எங்க?"

"ஆஸ்பத்திரில கீதுப்பா, நீ ஒண்ணியும் பேஜாராவாத..."

இணைப்பு அறுந்தது.

நாங்கள் சிரித்துப் பேசிக் காபி குடித்தோம். தப்பு நடந்ததே எங்களுக்குத் தெரியாது. அங்கே அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டிருப்பான்! அடுத்த ஞாயிறு பொன்னி பச்சை உடம்போடு ஆட்டோவில் வந்து ரிசீவரை எடுத்தாள். அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பொன்னி... உசுரோட கீறியா?"

அவள் குழந்தையை ரிசீவரில் அழவிட்டாள். பிறகு அவன் சொன்னானாம்: "ஏழு நாளா சோறு எறங்கலம்மே. இஞ்சின மட்டும் நிக்காம பாத்துகினேன். இருபத்தஞ்சு பேரு உசுராச்சே." அதைக் கேட்டு நான் வெளியே போய் நின்று அழுதேன்.

பெரியோர்களே, இன்றைக்கு மட்டும் என்ன செய்திருக்கிறோம்? காலையில் செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கியவனை வீட்டுக்கு விட்டோமா? கைக்குழந்தையோடு வந்த பொன்னியைக் கூட்டத்தில் நெருங்க விட்டோமா? மேளம் கொட்டி நேரே மேடையில் ஏற்றிவிட்டோம்! எட்டு மாதத்து மகளை அவன் இன்னும் தூக்கவில்லை, ஐயா! நோட்டீசில் எனக்குப் பின் பதினோரு பேர் பேச இருக்கிறார்கள். தலைவர் என்னை மன்னிக்கட்டும். ஒருவரும் பேச வேண்டாம்.

என்ன வாசுதேவா, பொன்னாடையா? அப்புறம் போர்த்தலாம், தள்ளு. வழிவிடுங்கள் தாய்மார்களே! பொன்னி, பிள்ளையை எடுத்துக்கொண்டு மேலே வாம்மா. செல்வராஜு, அந்த மாலையைக் கழற்றுப்பா, ஜரிகை குழந்தையைக் குத்தும்.

வந்தவர் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள், பிள்ளை பயந்துவிடும்.