அப்பா வாங்கித் தந்த மிட்டாய்

— அந்த ஜாடியைத் திறக்காதீங்கக்கா. அது வேண்டாம். அதைச் சாப்பிட்டுத்தான் போன வாரம் என் பொண்ணுக்கு மூச்சு இழுத்துச்சு.

— எலுமிச்சை மிட்டாய் தம்பி இது. சர்க்கரை, தண்ணி, எலுமிச்சம்பழம். உள்ள என் வீட்டுக்காரர் காய்ச்சறார், வெளிய நான் விக்கறேன். இதுல மூச்சு இழுக்க என்ன இருக்கு?

— அதைத்தான் நான் உங்களைக் கேக்க வந்தேன். அதுக்கு முன்னாடி தேங்காய் பிஸ்கட். அதுக்கும் முன்னாடி ஜெல்லி. எல்லாம் உங்க கடைதான். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி.

— ஓ. விடியக்காலையில வந்து வாங்கிட்டு ஓடற ஆளு சாயங்காலம் வந்து நிக்கறானேன்னு பார்த்தேன். சண்டைக்கு வந்தியா?

— சண்டை போடற தெம்பு எங்கக்கா இருக்கு? கெஞ்சறதுக்கு வந்தேன். சாக்லேட்டு வாடையே படாத ஒரு இனிப்பு குடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். இன்னைக்கு அவளுக்குப் பிறந்த நாள்.

— சாக்லேட்டு ஆகாதா பிள்ளைக்கு?

— ஆகவே ஆகாது. ரெண்டு வயசுல ஒரு துண்டு தின்னுட்டு உதடு வீங்கி, மூச்சு அடைச்சு, கண்ணு சொருகிடுச்சு. பொழச்சதே பெரிய விஷயம். டாக்டர் ஒரு பொடி கூடப் படக் கூடாதுன்னாரு.

— பாவம். சரி, இந்தா பாரு, பால் பன் இருக்கு.

— அது வெளியில இருந்துதானே உங்களுக்கு வருது? அந்த பேக்கரிக்குப் போய் விசாரிச்சேன். சாக்லேட்டு பன்னும் அதே தட்டுலதான் வேகுதாம்.

— அன்னாசி கேக்?

— அதுக்கு க்ரீம் தடவற கத்தியும் அதேதான். கேட்டதுக்கு, ஈரத்துணியில துடைச்சிடுவோம், பயப்படாதீங்கன்னு சிரிக்கறான்.

— துருவித் துருவி விசாரிக்கறியே, போலீஸ்ல இருக்க வேண்டியவன் நீ.

— சிரிப்பா இருக்கா உங்களுக்கு? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல என்ன சொல்லி வச்சிருக்கு தெரியுமா? யாராவது மிட்டாய் நீட்டினா, எனக்கு இனிப்பே பிடிக்காதுன்னு சொல்லிடுதாம். ஆறு வயசு முடியுது. இனிப்புப் பிடிக்காதாம். டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

— சரி, சரி. கண்ணைத் துடை. நான் ஒண்ணும் தப்பா சொல்லலை.

— இன்னைக்கு என்ன வேணும்னு கேட்டேன். பொம்மை கேக்கும்னு நினைச்சேன். அப்பா வாங்கிட்டு வர்ற மிட்டாய், ஆனா மூச்சு இழுக்காத மிட்டாய்னு சொல்லுது.

— இந்தா பாரு தம்பி, நான் சொல்றதைக் கேளு. என் கடைக்குள்ள சாக்லேட்டு நுழைஞ்சு வருஷக் கணக்காகுது. வெயில்ல உருகி உருகி நஷ்டம்னு விட்டுட்டேன். இது என் பிள்ளைங்க மேல சத்தியம்.

— அப்புறம் எப்படிக்கா? என் பொண்டாட்டியும் இதையேதான் கேக்கறா. இன்னொரு தடவை இழுத்துச்சுன்னா பிள்ளையைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டோட போயிடுவேன், உன் முகத்துலயே முழிக்க விட மாட்டேன்னு சொல்லிட்டா. சொன்னா செய்யறவ அவ.

— கோவத்துல சொல்றதுதானே.

— இல்லக்கா. லீவுக்கு அங்க போய் இருந்தாங்க. மாமன் தினமும் இனிப்பா வாங்கிக் குடுத்திருக்காரு. ஒண்ணுமே ஆகலை. ஓடி ஆடிச்சாம், நல்லாத் தூங்கிச்சாம். திரும்பி வந்து, நான் ஆசையா ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், அன்னைக்கே ஆஸ்பத்திரி. மாமன் குடுத்தா இனிக்குது, அப்பன் குடுத்தா விஷமாகுதுன்னு அவ எல்லார் முன்னாடியும் கேட்டா.

— உன் மச்சான் யாரு? எங்க இருக்காரு?

— மார்க்கெட் பின்னாடி குடை ரிப்பேர் கடை.

— குடைக்காரரா? ஒரு காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பாரே?

— அவரேதான்.

— தம்பி, அவரு என்கிட்டதான் வாங்குவாரு. தங்கச்சி மகள் வந்திருக்குன்னு அந்த லீவு பூரா இதே எலுமிச்சை மிட்டாய்தான் வாங்கிட்டுப் போனாரு. இதே ஜாடி.

— இதே ஜாடியா?

— இதே ஜாடி, இதே கரண்டி, இதே பொட்டலம். இப்ப சொல்லு, என் மிட்டாயில என்ன குத்தம்?

— எனக்குத் தலையே சுத்துதுக்கா.

— இரு. நீ காலையில வாங்கற. பிள்ளை கைக்கு எப்பப் போகுது?

— சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும்.

— அதுவரைக்கும் பொட்டலம் எங்க இருக்கும்?

— என்கிட்டதான். வேற யார்கிட்டக் குடுப்பேன்? லாக்கர்ல வச்சா கண்டவன் கையும் படும், சாப்பாட்டு ரூம்ல வச்சா பக்கத்துல எவனாவது சாக்லேட்டு வச்சிருப்பான். அதனால சட்டைப் பையில போட்டு நெஞ்சோட வச்சிருப்பேன். நாள் பூரா. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்குவேன்.

— நாள் பூரா எந்த வேலையில நிப்ப?

— அரைவை ஷெட்டுல.

— எதை அரைக்கற?

— கொட்டை.

— என்ன கொட்டை தம்பி?

— கோகோ கொட்டை.

— என்னது?

— ஐயோ, அது சாக்லேட்டு இல்லக்கா. வெறும் கொட்டைத் தூள். சர்க்கரை கிடையாது, பால் கிடையாது, வாயில போட்டா துப்பிடுவீங்க, அவ்வளவு கசப்பு. எங்க ஷெட்டுல இருந்து மூட்டையா அடுத்த ஷெட்டுக்குப் போகும். அங்கதான் காய்ச்சி, கலக்கி, வார்த்துச் சாக்லேட்டு ஆக்குவாங்க. எங்க ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க, நாங்க சாக்லேட்டைக் கண்ணால பாக்கறதே மேனேஜர் பிறந்த நாளுக்குத்தான்னு கிண்டல் பண்ணுவாங்க.

— தம்பி.

— முதல்ல நான் அந்த வார்ப்பு ஷெட்டுலதான் இருந்தேன். பிள்ளைக்கு ஆகலைன்னதும் மேஸ்திரி கால்ல விழுந்து அரைவைக்கு மாத்திக்கிட்டேன். மூட்டை தூக்கற வேலை, முதுகு உடையுது. பரவாயில்லை, சாக்லேட்டைத் தொடாம இருக்கலாம்னு வந்தேன். அந்தப் பக்கம் காலே வைக்கறதில்லை.

— தம்பி, உன் புருவத்தைத் தொட்டுப் பாரு.

— ஏன்?

— தொட்டு விரலைப் பாரு. என்ன நிறம்?

— இது தூசிக்கா. எப்பவும் இருக்கறதுதான்.

— பழுப்பா இருக்கு. நீ காலையில வந்து நின்னாலே கடையெல்லாம் ஒரு வாசம் வரும். சாக்லேட்டு கம்பெனில வேலை போலன்னு என் வீட்டுக்காரர் கூட ஒரு நாள் சொன்னாரு. இந்தத் தூள்தான் சாக்லேட்டுக்குள்ள இருக்கற விஷயமே. மீதியெல்லாம் சர்க்கரையும் பாலும். நீ மிட்டாய் குடுக்கறப்பல்லாம் உன் பிள்ளை அதையும் சேர்த்துத்தான் சாப்பிடுது.

— பொட்டலத்தை இறுக்கிக் கட்டித்தானே வச்சிருந்தேன்.

— காகிதப் பொட்டலம் தம்பி. மாவு மாதிரி பறக்கற தூளு. அதுக்குள்ள நீ நாள் பூரா நிக்கற. நெஞ்சோட வேற வச்சிருக்க.

— யார் கையும் படக் கூடாதுன்னுதான்க்கா வச்சிருந்தேன்.

— தெரியுது.

— ஞாயித்துக்கிழமைல அவளுக்கு வந்ததே இல்லை. இப்பதான் நினைச்சுப் பாக்கறேன். மிட்டாய் வாங்காத வேலை நாள்ல கூட, நான் வந்ததும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கும். கொஞ்ச நேரத்துல இருமும். ஓடி வந்த இருமல்னு முதுகைத் தடவிக் குடுப்பேன். இந்தக் கையாலதான் தடவிக் குடுப்பேன்.

— போதும். உக்காரு. நான் சொல்றதைக் கேளு. உள்ள இப்பதான் பாகு இறக்கியிருக்காரு. புது மிட்டாய், புதுக் காகிதம், நானே கட்டி நானே கொண்டு வந்து உன் பொண்டாட்டி கையில குடுக்கறேன். நீ தொடாதே. நடந்ததையும் நானே அவளுக்குப் புரியற மாதிரி சொல்றேன்.

— சொல்லுங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா.

— நீ நேரா ஆலைக்குப் போ. அங்கயே தலைக்குக் குளி, சோப்புப் போட்டுத் தேய். வேற துணி மாத்திக்கிட்டு வீட்டுக்கு வா. அதுவரைக்கும் பிள்ளையைத் தூக்காதே, பக்கத்துல கூடப் போகாதே. இத்தோட முடிஞ்சுது உன் கஷ்டம். நாளைல இருந்து அப்பன் குடுத்தாலும் இனிக்கும். சரிதானே?

— சரிக்கா.

— அப்புறம் ஏன் அப்படி முழிக்கற? எழுந்திரு. பிள்ளை இப்ப வீட்டுலதானே?

— இல்லக்கா. ஷிப்ட் முடிஞ்சு, பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுதான் வந்தேன்.

— எங்க? நான் பார்க்கலையே.

— உங்க கடைக் காத்துதான் ஆகலையோன்னு உள்ள கூட்டிட்டு வரலை. பக்கத்துச் சந்துல சைக்கிள் மேல உக்கார வச்சிருக்கேன்... தூறலா இருக்கேன்னு, ஷெட்டுல போட்டிருந்த என் கோட்டைத் தலையோட போத்தி, மூக்கு வரைக்கும் பட்டன் போட்டுவிட்டு.