தொட்டிலுக்கு மேலிருந்து வந்த சத்தம்

"ஹலோ... ஹலோ... கேக்குதா? ... நீங்க ஒண்ணும் பேசண்டாம். நான் பேசி முடிக்கட்டும். ... இல்ல, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ... ஒண்ணுமில்லண்ணு சொல்லுதேம்லா. ... கேமரா கெட்டுப்போகல்ல. நான்தான் அதுக்கு மேல துண்டைத் தூக்கிப் போட்டேன். ... ஏனா? ஏன்ணு நீங்க கேக்கியளா?"

பெமிலா அடுக்களைக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளே ஜெபத்துக்கு வந்த பெண்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். முந்திரிக்கொத்து உடைபடும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. அவளுக்குக் கோபம் மூக்கின் நுனியில் நின்றது. ஆனால் சிரிப்பும் முண்டியடித்துக்கொண்டு வந்ததால், எதை முதலில் வெளியே விடுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இண்ணைக்கு வீட்டுல ஜெபம்ணு... ஆமா, சனிக்கிழமைண்ணுதான் சொன்னேன். சபை உபதேசியாருக்கு நாளைக்கு மார்த்தாண்டத்துல ஒரு கல்யாணத்துக்குப் போகணும். அதனால இண்ணைக்கு மாத்தியாச்சு. ... சரி, அதைச் சொல்ல மறந்துட்டேன். ஆனா வாயைத் திறக்கதுக்கு முன்னால, உள்ள என்ன நடக்குண்ணு ஒரு காது குடுத்துக் கேக்கப்பிடாதா? ... என்னது? ... உங்க போன்ல கேமரா சத்தத்தை எப்பம் அணைச்சிய? ... காலைல சர்ச்சுலயா? ... ஓ. ஆராதனைக்கு அணைச்ச சத்தம் சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்குது. ... கொள்ளாம். ரொம்பக் கொள்ளாம்."

அவள் கணவன் ஷாஜன் கத்தாரில் ஏசி மெக்கானிக். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு, ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். பிள்ளை பிறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இனி கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். அதற்குள் பிள்ளை தன்னை அந்நியனாகப் பார்க்கப் பழகிவிடுவானோ என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருந்தது. வீடியோ காலில் அவன் முகத்தைக் கண்டதுமே பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிடுவான். அதனால்தான் ஊருக்கு வந்த நண்பன் ஆன்ட்ரூஸிடம் ஒரு பேபி மானிட்டரைக் கொடுத்து விட்டிருந்தான். தொட்டிலுக்கு மேலே மாட்டுகிற சின்ன வெள்ளைக் கேமரா. கத்தாரில் இருந்துகொண்டே பிள்ளையைப் பார்க்கலாம், பேசலாம்.

பெமிலாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் வெள்ளோட்டம் பார்ப்போம், பிறகு வைக்கிறதா கழற்றுகிறதா என்று நான்தான் முடிவு சொல்வேன், கேமராவில் தொட்டிலைத் தவிர வேறு எதுவும் தெரியக் கூடாது என்று சொல்லி மாட்டியிருந்தாள். அந்த வெள்ளோட்டம் இப்படித் தெருவுக்கு வரும் என்று யார் கண்டார்கள்.

"என்ன ஆச்சா? கேளுங்க. பிள்ளைக்காக உள்ள ஜெபம்லா, அதனால தொட்டிலைச் சுத்திதான் எல்லாரும் நிண்ணோம். தங்கையன் உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினாரு. அவருக்க ஜெபம் உங்களுக்குத் தெரியும். ... ஆமா... ஆமா, சபைல சுகமில்லாதவிய பேரு ஒண்ணுவிடாம சொல்லித்தான் வருவாரு. அந்த நேரம் பாத்து இவன் வீறிட்டுக் கரைய ஆரம்பிச்சான். உபதேசியார் சத்தத்தைக் கூட்டினாரு. இவனும் கூட்டினான். ... சிரிக்காதீங்க. நான் கண்ணை மூடிட்டு நிக்கேன், பிள்ளையைத் தூக்கவும் முடியல்ல, சும்மா நிக்கவும் முடியல்ல. உபதேசியார் விட்டுக்குடுக்கவே இல்ல. 'ஆண்டவரே, இந்தக் குழந்தையைக் கொஞ்சம் பாரும்'ணு ஒரே போடு போட்டுட்டு மூச்சு வாங்கினாரு. அப்பம் மேல இருந்து வருது. 'கரையாத மக்களே, நான் பாத்துட்டுதான் இருக்கேன்'ணு."

பெமிலா போனைக் காதிலிருந்து எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஹலோ... இருக்கியளா? ... ஆமா, நீங்கதான். வேற யாரு? ஆனா அங்க நிண்ணவியளுக்கு அது தெரியுமா? கேமரா வச்ச கதையை நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல்ல. ... ராகேல் மாமி அப்படியே முட்டுக்குத்தி விழுந்துட்டா. ... அதே ராகேல் மாமிதான். ... முட்டுவலிக்காரிதான், சர்ச்சுலகூட நாற்காலில இருந்துதான் ஜெபிப்பா. இண்ணைக்கு நாற்காலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ... உபதேசியாரா? அவரு கையைக் கூப்பினாரு. பெறவு பையச் சொன்னாரு, 'கேட்டுட்டு இருக்கேன் ஆண்டவரே'ண்ணு. ... சிரிக்காதீங்கண்ணு சொன்னேம்லா."

சிரிக்காதே என்று சொன்னவள்தான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வாளிப் பக்கம் நின்ற கோழி அவளைத் திரும்பிப் பார்த்தது.

"அதோட நிறுத்தியிருந்தா எனக்கு மானம் போயிருக்காது. ராகேல் மாமி காலத்துக்கும் சாட்சி சொல்லிட்டு நடந்திருப்பா. நீங்க நிறுத்தினியளா? ... என்ன சொன்னியளா? 'கொசுவலையை யாரு இப்படி சுருட்டிப் போட்டது'ண்ணு கேட்டிய. ... ஆமா, கேட்டிய. அதுக்கும் மேல, 'உனக்க அம்மை எங்க? போனை நோண்டிட்டு இருப்பா'ண்ணு வேற. ... அப்பம்தான் உபதேசியார் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு. 'ஏன் மக்கா, இது ஷாஜன்லா'ண்ணாரு. ... எனக்கு எங்க முகத்தைக் கொண்டு வைக்கண்ணு தெரியல்ல. ஓடிப்போய் துண்டைப் போட்டேன். ... இல்ல, அவரு கோபப்படல்ல. விட்ட இடத்துல இருந்து ஜெபத்தை எடுத்தாரு. முடிக்கும்போ உங்களுக்கும் சேத்து ஜெபிச்சாரு. ... தூர நாட்டுல பிள்ளையைப் பாக்காம கிடக்க தகப்பனுக்கு ஆறுதல் குடும்ணு. பொம்பளைய பாதிப் பேரு கண்ணைத் துடைச்சாவ. ... ராகேல் மாமியா? முட்டுவலி குறைஞ்சுட்டுண்ணு சொல்லுதா. மிசினுக்க சத்தம்ணு சொன்னா நம்ப மாட்டேங்கா."

இதுவரைக்கும் கதை. அவள் போனை எடுத்து வந்தது கதை சொல்ல அல்ல. முடிவைச் சொல்ல. பெமிலா கல்லிலிருந்து எழுந்து வாழை மரத்தடிப் பக்கம் போனாள்.

"அத்தான், நான் ஒரு காரியம் சொல்லட்டா? ... கோபத்துல சொல்லல்ல. அந்தக் கேமரா வந்ததுல இருந்தே எனக்கு வெப்ராளமா இருக்கு, ஒரு நிம்மதி இல்ல. ... உங்களுக்க கண்ணுதான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கண்ணு கண்ணுதானே. நீங்க பாக்கியளா பாக்கல்லியாண்ணு எனக்குத் தெரியாது. பாக்காத நேரத்துலயும் யாரோ பாக்கது மாதிரி இருக்கு. நைட்டியும் எண்ணெய்த் தலையுமா நடக்கேன். பிள்ளையை மடில போட்டுட்டு நாலு வரி பாட முடியல்ல, நீங்க கேட்டுட்டு கேலி செய்வியளோண்ணு தோணும். ... தொட்டில் மட்டும்தான் தெரியும், சரி. தொட்டிலுக்குப் பக்கத்துல இருக்கது நான்தானே. ... ம். ... ம். ... என்னது?"

அவள் முகம் மாறியது.

"கழத்திருண்ணா சொல்லுதிய? ... ஆன்ட்ரூஸுக்கிட்டயே குடுத்துரவா? ... அவருக்கு எதுக்கு, இன்னும் கல்யாணமே ஆகல்ல. ... இல்ல, நான் அப்படிச் சொல்லல்ல. ... நான் சொன்னேன், ஆனா நீங்க இப்படி ஒரே வார்த்தைல சரிண்ணு சொல்லணும்ணு சொல்லல்ல. ... அத்தான்... பேசுங்க. ... உங்க மூச்சு கேக்குது, பேசுங்க."

கேட்டது கையில் கிடைத்துவிட்டது. சண்டைகூடப் போட வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்குக் கொஞ்சமும் ருசிக்கவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவள் மனசுக்குள் பூட்டி வைத்த ஒன்று இருந்தது. சொன்னால் வழக்கில் அவன் ஜெயித்துவிடுவான். சொல்லாவிட்டால் அவன் அங்கே ரூமில் சுவரைப் பார்த்துக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் கிடப்பான். பெமிலாவுக்கு அவனை நினைத்துப் பாவமாக இருந்தது.

"ஒண்ணு சொல்லுதேன். ஆனா துள்ளப்பிடாது. ... ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடிட்டு நிண்ணாவ. உங்க சத்தம் வந்ததும் நான் கண்ணைத் திறந்துட்டேன். ... ஜெபத்துலதான், இப்பம் அதா முக்கியம்? ... அவன் கரைச்சலை நிறுத்திட்டான் அத்தான். ... நிறுத்திட்டான்ணு சொல்லுதேன். ... பயந்து இல்ல. பயந்தா அவன் முகம் எப்படி இருக்கும்ணு எனக்குத் தெரியாதா? தலையைத் திருப்பினான். சத்தம் வந்த பக்கம் பாத்தான். பெறவு நீங்க கொசுவலைண்ணு சொன்னியள்லா, அப்பம் காலைத் தூக்கி உதைச்சான். ... ஆமா. ... எனக்க சத்தம் கேட்டா உதைப்பாம்லா, அதே மாதிரி. ... ஆமாங்கேன். ... சும்மா உங்களைத் தேத்தச் சொல்லல்ல. தேத்தணும்னா முதல்லயே சொல்லியிருப்பேனே. ... படத்துல பாத்தா கரையதுக்கு அவன் என்ன செய்வான், கையகலப் போன்ல வெளிச்சமும் உங்க தாடியுமா தெரியுது. சத்தம் அப்படி இல்ல. உங்க சத்தம் அவனுக்குத் தெரியுது. உங்களைத் தெரியுது அத்தான்."

அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பெமிலா அதைக் கேட்காதது மாதிரி வாழையிலையின் காய்ந்த நுனியைக் கிள்ளிப் போட்டாள்.

"சளி பிடிச்சிருக்கா? ... ஏசில கிடந்தா பிடிக்கத்தான் செய்யும். ... சரி, துள்ளாதீங்கண்ணு சொன்னேன். நான் தோத்துட்டேன்ணு நினைக்கண்டாம். கேளுங்க, கண்ணு வேண்டாம். வாய் மட்டும் போதும். ... துண்டு அப்படியே கிடக்கும். ... பிள்ளையைப் பாக்கணும்னா எனக்கிட்ட சொல்லுங்க, நான் தலை சீவிட்டு போன்ல காட்டுதேன். ... பேசுததுக்கு முன்னால எனக்கு ஒரு மிஸ்டு கால். ஆளு இருக்கா இல்லியாண்ணு நான் சொன்ன பெறகுதான் வாயைத் திறக்கணும். ... கொசுவலையைப் பத்தியும் என்னைப் பத்தியும் அதுல பேசப்பிடாது. ... சம்மதமா? ... முழுசா சொல்லுங்க. ... ம், சரி."

உள்ளே பிள்ளை சிணுங்கினான். சிணுங்கல் நொடியில் அழுகையானது. பெமிலாவின் அம்மை ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டாள். பெமிலா வழக்கம்போலச் செருப்பைத் தேடி ஒரு எட்டு வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"... ஆமா, அவன்தான். கேக்குதா உங்களுக்கு? ... நான் போகல்ல. ... இல்ல, போகமாட்டேன். நீங்க போங்க. ... ஆளு இருக்காவதான். உபதேசியார் இருக்காரு, ராகேல் மாமியும் அங்கதான் இருக்கா. இருந்தா இருக்கட்டும், இப்பம் எல்லாருக்கும் தெரிஞ்சாச்சே. ... என்ன பேசவா? தகப்பன் பேசது என்னவோ அதைப் பேசுங்க. ... ஐயோ, எனக்கிட்ட பேசிட்டு நிக்காதீங்க, பிள்ள கரையுதாம்லா. இந்தப் போனை வச்சாத்தானே அதுல பேச முடியும். ... வைங்க அத்தான். ... நீங்க வைக்கமாட்டிய. நான் வைக்கேன்."

வைத்துவிட்டாள்.