மூன்றாவது மாடலின் இறக்கை

"ஹலோ… ஹலோ, தம்பி, கேக்குதுங்களா?… காத்துச் சத்தமா இருக்கே. எங்க நிக்கிறீங்க?… டிராக்குலயா?"

சிவரஞ்சனி மிக்ஸியை நிறுத்தினாள். ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தன் அரவிந்த்குமார் லீவு நாளில் கூப்பிட்டால், அறந்தாங்கி வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்றுதான் முதலில் கேட்பான். இன்று கேட்கவில்லை.

"ம்… ம்… யாரு வண்டி?… சொந்தமா வாங்கியாச்சா? சொல்லவே இல்லயே… எந்த மாடலு?… மொத மாடலா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் கணவன் கோபிநாத் இறந்தது அந்த முதல் மாடல் ஸ்போர்ட்ஸ் காரில்தான். போன வருடம், ஷார்ஜாவில் அதே ரேஸ் டிராக்கில், நேர்ப்பாதை முடிகிற வளைவில் வண்டி திரும்பவேயில்லை.

"இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுங்க… ஆமா, ஆமா, தெரியும். மொத மாடல்ல பின்பக்கம் வழுவழுன்னு சரிஞ்சு எறங்கும், மேல ஓடுற காத்து வாலைத் தூக்கும். ஒங்க அண்ணன் சோறு திங்கிறப்பயும் அதத்தானே பேசுவாரு… ரெண்டாவது மாடல்ல வாலுக்கு மேல எறக்கை மாதிரி சின்னதா விங்கு வச்சான், சரி. முன்னாடி பம்பருக்குக் கீழ ஒதடு மாதிரி ஒரு தகடும் வச்சான்ல… ஆமா, ஒங்க அண்ணன் அந்தச் சின்ன விங்கை மட்டும் வாங்கி மாட்டுனாரு… அது பத்தாமத்தான் போச்சுங்கிறீங்களா?… என்னது? நீங்க மூணாவது மாடலோட பெரிய விங்கை மாட்டியிருக்கீங்களா?"

"பெருசா இருந்தா நல்லா அமுக்கும்னு யாரு சொன்னா?… அமுக்கும் தம்பி, பின்னாடி அமுக்கும். நான் முன்னாடியக் கேக்குறேன். மூணாவது மாடல்ல விங்கு மட்டுமா இருக்கு? மொகத்துல அகலமா தகடு, அடிவயித்தைத் தட்டையா மூடியிருப்பான், எல்லாஞ் சேந்துதான் முன்னையும் பின்னையும் ஒண்ணுபோல அமுக்கும். நீங்க வாலை மட்டும் கொண்டாந்து ஒட்டியிருக்கீங்க… இருங்க… இருங்கங்கிறேன்ல. கட்டுமாவடியிலேருந்து மொபெட்டுல மீன் பெட்டி அடுக்கிக்கிட்டு வருவாங்கள்ல, பின்னாடி பாரம் கூடுனா முன் சக்கரம் என்ன ஆகும்?… ஆங், தூக்கிக்கும். காத்தும் பாரந்தான். வேகம் ஏற ஏற ஏறுற பாரம்."

"இன்ஜினியர் அண்ணியா… இருந்துட்டுப் போறேன், சிரிச்சுக்கங்க. காலையில ஓட்டிப் பாத்தீங்களா?… எப்புடி இருந்துச்சு?… திருப்பிச் சொல்லுங்க."

அவள் கண்ணை மூடினாள்.

"ஒத்த விரல்ல திருப்பலாமா… தம்பி, ஒங்க அண்ணன் கடைசியா எங்கிட்டப் பேசுனப்ப இதத்தான் சொன்னாரு. ஸ்டீயரிங் அம்புட்டு லேசா இருக்கு ரஞ்சனி, ஒத்த விரலு போதும்னு… லேசுன்னா நல்லதில்ல. முன் டயரு ரோட்டைப் பிடிக்கல. நேரா போறப்ப சொகமாத்தான் இருக்கும். வளைவுல ஒடிப்பீங்க, அது கேக்காது… மெதுவா போவீங்களா? அந்த நேர்ரோட்டுல நீங்களா?… கூட்டாளிங்க நிக்கிறாங்க, சரி. ஒங்க முறை வந்துருச்சு, சரி… அண்ணன் விட்ட எடத்துலேருந்து முடிக்கணுமா… துன்னூறு பூசிக்கங்க, நல்லது. அதுக்காக முன் டயரு எறங்கி வராது தம்பி."

அவள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மாமியார் ராஜலட்சுமி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூத்த மகன் கம்பெனி வேனில் போகும்போது இறந்தான் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"அரவிந்த், இங்க பாரு. போனை அத்தைக்கிட்டக் குடுக்குறேன். அண்ணன் எதுல போனாரு, நீ இப்ப எதுல ஏறப் போறேன்னு ஒன் வாயால சொல்லு. சொல்லிட்டு ஏறு."

அவனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏன் வேணாங்கிற?… குடுக்க மாட்டேன்னு நெனைக்காத. படியெறங்கிட்டேன்… அத்தை, செத்த இங்கிட்டு வாங்க… என்ன?… சத்தமா சொல்லு… ஏறலயா? அப்ப சாவி எங்க? பக்கத்துல யாரு நிக்கிறா? சாவியையும் போனையும் அவர்ட்டக் குடு."

"வணக்கம்ணே. நான் கோபிநாத் சம்சாரம் பேசுறேன்… ஆமாண்ணே… இருக்கோம்ணே. சாவி ஒங்க கையில வந்துருச்சா?… அந்த விங்கைக் கழட்டாம இவன் கேட்டாலும் குடுக்காதீங்க. அழுதாலும் குடுக்காதீங்க… ஒங்களத்தான் நம்புறேன். போனை அவன்ட்டக் குடுங்க."

"தம்பி… ஆமா, மானத்த வாங்கிட்டேன்… ஆமா, மிரட்டித்தான்… இருக்கட்டும். நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்… இனிமே எங்கிட்டப் பேச மாட்டியா? பேசாத. உசுரோட இருந்துக்கிட்டுப் பேசாம இரு, எனக்கு அது போதும்… அரவிந்த்?… ஹலோ?"

வைத்துவிட்டான். ஈரத்துணியைப் பிடித்தபடி மாமியார் எதிரில் வந்து நின்றாள்.

"அரவிந்துதான் அத்தை… நல்லாத்தான் இருக்கான். எம்மேலதான் கோவம்."