முன்னால் நிற்கும் சுழியம்

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டே பல் குத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் கோப்பு ஒன்றை எக்செல்லில் திறந்து பார்த்துவிட்டு, போகிற போக்கில் சேவ் தட்டிவிட்டுப் போகிறவர்களும் எனக்கு அந்த ரகம்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, பழக்கம். எல்லோரும் செய்கிறார்கள், அதனால் யாருக்கும் அசிங்கமாகத் தெரிவதில்லை.

மேடம், விசாரணை என்று வந்து, ஷாஸியா எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். நான் பல் குத்துவதில் ஆரம்பிக்கிறேன் என்று முகம் சுளிக்காதீர்கள். டாக்டரிடம் கேட்டால் ஊசியில் ஆரம்பிப்பார். எங்கள் மேனேஜர் ஆலனிடம் கேட்டால் சுவரில் படம் போட்டுக் காட்டுவான். இரண்டிலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

தெப்ராவில் லாரி டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கும் அதன் கிளினிக்குகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறோம். தங்காக்கில் ஒரு கிளினிக், பத்து பாகாட்டில் ஒன்று, இப்படி. கிளினிக்கில் பதிகிற நோயாளி விவரம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். இது பேசுவது அதற்குப் புரியாது. நடுவில் நின்று மாற்றிக் கொடுக்கிற புரோகிராம் நான் எழுதியது. லியோனார்ட் என்ற பெயர் அதன் முதல் வரியில் இருக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை.

கிளினிக் அனுப்புவது கமா போட்ட கோப்பு. கிளினிக் அட்டை எண், கமா, ஐசி என்கிற அடையாள அட்டை எண், கமா, பெயர், கமா, ஒவ்வாமை. ஆஸ்பத்திரி வாங்குவது வேறு மாதிரி. அதில் கமாவே கிடையாது. லார்க்கின் பஸ் நிலையத்தில் எக்ஸ்பிரஸ் பஸ் ஏறியிருப்பீர்கள் இல்லையா, இருக்கை எண் போட்டது? அதுதான். முன்வரிசை அட்டை எண்ணுக்கு. அடுத்த பன்னிரண்டு இருக்கை ஐசிக்கு. அதற்குப் பின்னால் பெயர். கடைசியில் ஒரே ஒரு இருக்கை ஒவ்வாமைக்கு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஆள் என்றால் அந்த இருக்கையில் 'பி' என்ற எழுத்து உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் முகத்தைப் பார்க்காது, இருக்கையைத்தான் பார்க்கும். அங்கே யாரும் இல்லை என்றால் பச்சை நிறத்தில் 'ஒவ்வாமை இல்லை' என்று காட்டிவிடும்.

இப்போது ஐசிக்கு வருகிறேன். நம் ஐசியில் பிறந்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம்தான் முன்னால் நிற்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு முதல் பத்து வருஷத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது சுழியத்தில் ஆரம்பிக்கும். எக்செல் தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று அதைத் தள்ளிவிடும். பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினொரு பேர்தான் வருவார்கள். பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு இருக்கை முன்னால் நகர்வார்கள். 'பி' பக்கத்து இருக்கைக்குப் போய்விடும். கடைசி இருக்கை காலி.

என் வயதுக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வாலிபப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

தங்காக் கவுண்டரில் தேன்மொழி என்று ஒரு பெண். கோப்பை அனுப்புவதற்கு முன்னால் தினமும் எக்செல்லில் திறந்து பார்ப்பாள், சேவ் பண்ணுவாள், பிறகு அனுப்புவாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"அலமாக், பார்த்தா என்ன சார்? பார்க்கிறதால பிஞ்சிருமா?" என்பாள்.

அவளிடம் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு என் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். ஐசி குட்டையாக வந்தால் முன்னால் சுழியம் போட்டு நிரப்பு. அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்காக அந்த வரி அவள் கொட்டிய குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தது. கூட்டுகிறவனை யார் பார்க்கிறார்கள்? குப்பை கிடந்தால்தான் அவன் ஞாபகமே வரும்.

பிறகு ஆலன் வந்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு எங்களுக்கு மேனேஜராக வந்தவன். பாலம் தாண்டிப் போய்விட்டு வந்தால் சிலருக்கு மூளை வளர்கிறது, சிலருக்கு நாக்கு மட்டும். ஒரு கூட்டத்தில் என் புரோகிராமைச் சுவரில் பெரிதாகப் போட்டான். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அங்கிள், இது என்ன? டேட்டாவுல கை வைக்கிறீங்க?"

"கை வைக்கல தம்பி. குறையுறத நிரப்புறேன். எதுக்குன்னா..."

"எதுக்காகவும் வேணாம் அங்கிள். வந்தது வந்த மாதிரி போகணும். இப்படி ஒளிச்சு வச்ச ஒட்டு வேலை எல்லாத்தையும் எடுத்துருங்க. மியூசியத்துல வைக்க வேண்டியது லா இதெல்லாம்."

சிரித்தார்கள். நான் கூடவே இருந்து பழக்கிவிட்டவர்களும் சிரித்தார்கள். நான் காரணத்தைச் சொல்ல மறுபடி வாயெடுத்தேன்.

"ஈமெயில்ல போடுங்க அங்கிள். நான் பார்க்கிறேன்."

போட்டேனா என்று கேட்கிறீர்கள். போடவில்லை. காதுக்கு எட்டாதது கண்ணுக்கு எட்டிவிடுமா? எடுக்கச் சொன்னான், எடுத்தேன். அந்தக் கூட்டத்தில் இருந்த யாரையும் கேளுங்கள், அவன் சொன்னது அதுதான் என்று சொல்வார்கள். 'எல்லாத்தையும்' என்றுதான் சொன்னான்.

அதன் பிறகு தினமும் காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற கோப்பைப் பார்ப்பேன். எனக்கு இடப்பட்ட வேலை இல்லை அது, அக்கறைதான். நான் நினைத்த மாதிரியே நடந்தது. ஐசியில் ஒரு இருக்கை காலியானதும் பெயரின் முதல் ஆங்கில எழுத்து அங்கே ஏறிக்கொண்டது. ஆகில் என்ற பையன் 'கில்' ஆனான். ருமானா 'உமானா' ஆனாள். தலை வெட்டின பெயர்கள் ஆஸ்பத்திரித் திரையில் வரிசையாக வந்து நின்றன. நர்ஸ் பார்க்கிறாள், டாக்டர் பார்க்கிறார், பில் போடுகிறவன் பார்க்கிறான். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. படித்தவர்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள். தன் பெயரில் ஒரு எழுத்து குறைந்தால் சான்றிதழைத் திருப்பி அனுப்புவார்கள். நோயாளி பெயர்தானே, கிடக்கட்டும்.

நான் எதிர்பார்த்தது ஒரு போன். 'அங்கிள், பெயரெல்லாம் தப்பா வருது, கொஞ்சம் பாருங்க' என்று ஆலன் கூப்பிட்டால் போதும். தேநீர் ஆறுவதற்குள் சரிசெய்திருப்பேன். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவன் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஷாஸியா விஷயத்தில் ஒரு துரதிர்ஷ்டம். முதல் எழுத்துப் போனதும் அவள் 'ஹாஸியா' ஆனாள். அதுவும் ஒரு பெயர் மாதிரியே இருக்கிறது. அந்த வரியை நான் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். 'பி' ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். அது யார் என்றும் தெரியும்.

தங்காக்கில் துணிக்கடைகள் இருக்கிற தெருவில் அவள் அப்பா அபூபக்கர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கிளினிக்குக்குப் போனால் மதியம் அங்கேதான் சாப்பிடுவேன். அந்த வரியை எடுத்த பிறகும் ஒரு நாள் பிரிண்டர் பார்க்கப் போனேன், அங்கே சாப்பிட்டேன். ஷாஸியா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். மோட்டார்சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட புதுசு. ஹெல்மெட்டைக் கல்லாமேலேயே வைத்திருந்தாள்.

"பாருங்கண்ணே, சோறு வைக்கிற இடத்துல தொப்பிய வச்சிருக்கா" என்றார் அபூபக்கர்.

"வாப்பா, உள்ள வச்சா நீங்க அதுல வெங்காயம் போடுவீங்க" என்றாள் அவள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் எனக்கு ஆட்டுக்குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். "இவளுக்கு அந்த ஊசி மட்டும் ஆகவே ஆகாதுண்ணே. சின்னதுல ஒரு தடவை போட்டு, மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, மூச்சு நின்னு... அல்லா காப்பாத்துனான். உங்க பாப்பாவுக்கும் அப்படித்தானே?"

"ஆமா பாய்."

"ரெண்டு பேரையும்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே. எங்க போய் விழுந்தாலும் அட்டையக் காட்டுனா போதும்ல?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு பாய்" என்றேன்.

அது பொய்யில்லை. இருந்தது. இடம் மாறி இருந்தது. கையில் சோற்றை வைத்துக்கொண்டு இருக்கைக் கணக்கெல்லாம் விளக்க முடியாது. விளக்கினாலும் அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார். அவர்கள் ஆலனைக் கூப்பிடுவார்கள். ஆலன் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி இன்னொரு கூட்டம் போட்டுச் சுவரில் காட்டுவான். நான் அதற்கும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது ஷாஸியாவிடம், "மெதுவா போம்மா, மழைக்காலம்" என்றேன்.

"சரி அங்கிள்" என்றாள்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் எச்சரிக்கையாக ஒரு வார்த்தை சொன்னது நான் ஒருவன்தான்.

மழையில்தான் விழுந்தாள். லெடாங் மலைப் பக்கம் போகிற சாலையில். தலையில் அடி, நினைவில்லை. கால் கிழிந்து மண் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் பையிலிருந்து அட்டையை எடுத்து எண்ணைத் தட்டினார்கள். ஹாஸியா, பச்சை, ஒவ்வாமை இல்லை. புண்ணுக்குப் போட வேண்டிய ஊசியைப் போட்டார்கள். டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். திரையை நம்பினார். ஆனால் இத்தனை வருஷம் படித்தவர், திரையில் வந்த பெயரையும் அட்டையில் இருந்த பெயரையும் ஒரு தடவை சேர்த்துப் பார்த்திருக்கலாம். வீங்க ஆரம்பித்த பிறகுதான் அபூபக்கர் வந்து சேர்ந்தாராம். பெனிசிலின், பெனிசிலின் என்று கத்தினாராம். அதற்குள் மூச்சுக்குழாய் அடைத்துவிட்டது.

தேன்மொழி அழுதுகொண்டே எனக்குப் போன் பண்ணினாள். "சார், நம்ம பாய் பொண்ணு சார். நான்தானே சார் ஒவ்வாமைய பதிஞ்சேன். எப்படி சார் இல்லாமப் போவும்?"

"கோப்பை எக்செல்ல திறந்தியா?" என்று கேட்டேன்.

"திறந்தேன் சார்" என்றாள்.

"எத்தனை தடவை சொன்னேன்?" என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் இப்போது வேலைக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்று கேள்வி. சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். அபூபக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்குன்னு சொன்னீங்களே அண்ணே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். மனுஷனுக்கு ஆறுதல் வேண்டியிருந்தது.

அன்றைக்கு மாலை ஆலன் போன் பண்ணினான். "லியோனார்ட் சார், என்னன்னு கொஞ்சம் பார்க்க முடியுமா? ப்ளீஸ் சார்." அங்கிள் என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன், அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். நான் சொன்ன மாதிரியே, தேநீர் ஆறவில்லை.

இப்போது உங்கள் ஆட்கள் கண்டுபிடித்ததற்கு வருகிறேன். அந்த நாட்களின் கோப்புகளில், சுழியத்தில் ஆரம்பிக்கிற எல்லாப் பிள்ளைகளும் தலையில்லாமல் இருக்கிறார்கள், ஒருத்தி மட்டும் முழுசாக இருக்கிறாள், அது ஏன் என்று கேட்டீர்கள். புரோகிராமில் அந்த ஒரே ஒரு ஐசி எண்ணுக்கு மட்டும் சுழியம் சேர்க்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறது, அதை யார் எழுதியது, எப்போது எழுதியது என்றும் கேட்டீர்கள்.

நான்தான் எழுதினேன். பழைய வரியை எடுத்த அன்றைக்கே, எடுப்பதற்கு முன்னாலேயே எழுதினேன். அந்த எண் என் மகள் நிக்கோலுடையது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஊசியில் அவள் உதடு கறுத்து, கண் மூடி, மூச்சுக்குத் தவித்ததை நான் மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்த இருக்கை காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் செய்தேன்.

எல்லாவற்றையும் எடு என்று ஆலன் சொன்னான். நான் ஒன்றை விட்டுவைத்தேன். மேலதிகாரி சொன்னதை நான் மீறியது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். அது குற்றம் என்றால் குற்றம்தான் மேடம், ஒப்புக்கொள்கிறேன்.