தேயிலை முதிரும் அறை

பாலும் சர்க்கரையும் போட்டுத் தேநீர் குடிப்பவர்களை நான் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்ததைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டேன். கொதி கொஞ்சம் கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான். பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பதுதான் எனக்கு வேலையாக இருந்தது. நாக்கும் மூக்கும் சோறு போட்ட உடம்பு இது. ஓய்வு பெற்ற பிறகு இரண்டுக்கும் வேலை கொடுக்காவிட்டால் துரு ஏறிவிடும் என்று சீனத் தேயிலை பக்கம் போனேன்.

நான் சொல்வது பழைய தேயிலை. இலையை ஆவியில் வாட்டி, தோசைக்கல் அகலத்துக்கு வட்டாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். அப்படியே விட்டால் வருஷம் போகப் போக அது தானாக முதிரும். புதிதாக இருக்கும்போது நாக்கைப் பிடுங்கும் கசப்பு, முதிர்ந்த பின் மழையில் நனைந்த மரம்போல, பழைய பெட்டியைத் திறந்ததுபோல இறங்கும். அதற்கு வேண்டியது மூன்றே விஷயம். மிதமான சூடு, மிதமான ஈரம், வேறு எந்த வாசனையும் அண்டாத காற்று. குழந்தையை வளர்ப்பதைவிடச் சுலபம். எதிர்த்துப் பேசாது.

என் வீட்டில் இரண்டு அறைகள். உள்ளறையில் அலமாரி அடித்து வட்டுகளை அடுக்கியிருந்தேன். அத்தான் காலமானதும் அக்கா தனியாகிவிட்டாள். அவள் மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள், வாடகைக்கு ஒரே அறை. "அக்கா என்கூட இருக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். உள்ளறையை அவளுக்குக் கொடுத்தேன். காற்றாட இருந்த முன்னறையைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முன்னறையில் நான் படுக்கிறேன்.

அக்கா தையல்காரி. அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் அந்தத் தையல் இயந்திரம்தான். அதை நான் மறந்ததில்லை. ஆனால் அவளோடு சேர்ந்து வாசனைகளும் வீட்டுக்குள் வந்தன. முழங்காலுக்குத் தைலம், முகத்துக்குப் பவுடர், தலைமாட்டில் எப்போதும் ஒரு ஆரஞ்சுப் பழம். தேயிலை பக்கத்தில் இருப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நான் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆரஞ்சைக் கொடுத்தாள், பவுடரைக் கொடுத்தாள். தைலத்தைக் கொடுக்கும்போது மட்டும் சிரித்தாள்.

"உன் வட்டுங்க எனக்கு நாத்தனாருங்கடா. வாயத் திறக்காமலே என்னைய அடக்கி வெச்சிருக்குதுங்க."

நானும் சிரித்தேன். எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இருந்ததில்லை.

மழைக்காலம் வந்தபோதுதான் அந்த விஷயத்தைக் கவனித்தேன். அக்கா வந்த பிறகு வட்டுகளின் முகம் மாறியிருந்தது. பச்சை போய்ச் செம்மை ஏறியிருந்தது. கிள்ளி ஊறவைத்துப் பார்த்தேன். அத்தனை காலம் கிடைக்காத ஒரு வழவழப்பு தொண்டையில் இறங்கியது. காரணம் புரிய எனக்கு நேரம் ஆகவில்லை. மூடிய அறையில் ஒரு மனுஷி படுத்து எழுந்தால் சூடும் ஈரமும் ஒரே சீராக இருக்கும். எந்த இயந்திரம் வாங்கி வைத்தாலும் அப்படி வராது. மூச்சு அவ்வளவு மென்மையான ஈரம்.

அதன் பிறகு சில சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தேன். துவைத்த துணியை அந்த அறைக்குள்ளேயே காயப்போட்டேன். கட்டிலுக்கு அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். சுவரில் ஈரமானி ஒன்று மாட்டினேன். "இது எதுக்குடா?" என்றாள். "உனக்குக் குளிர் தாக்குதான்னு பாக்கத்தான்க்கா" என்றேன். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கரும்பூஞ்சை பூத்தது. வட்டுகளில் பூக்கவில்லை. அவற்றை நான் நாள் தவறாமல் எடுத்துத் துடைத்தேன்.

இருமல் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் தொண்டை கமறல் என்றாள். பிறகு பேச்சின் நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினாள். நான்தான் நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"எந்த மாதிரி ரூம்ல படுக்கறாங்க?"

சொன்னேன். தேயிலையைப் பற்றிச் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.

"அந்த ஈரமும் பூஞ்சையும்தான் காரணம். இன்னிக்கே ரூமை மாத்துங்க. ஜன்னல் தொறந்தே இருக்கணும். இல்லேன்னா நுரையீரல் தாங்காது. புரியுதுங்களா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. வெளியே வந்தேன். அக்கா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா சொன்னாரு?"

"வெளிக்காத்து ஆகாதாம்க்கா. ஜன்னலை மூடியே வைக்கச் சொன்னாரு."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அன்று மாலையே ஜன்னல் இடுக்குகளில் ஒட்டுநாடா ஒட்டினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அக்காதான்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அந்த வட்டுகள் இன்னும் கொஞ்சம் காலத்தில் பக்குவத்துக்கு வந்துவிடும் என்றிருந்தது. பழம் கனியும் நேரத்தில் மரத்தை யாராவது பிடுங்கி நடுவார்களா? பருவம் முடிந்ததும் அக்காவை முன்னறைக்கு மாற்றுவதாகத்தான் இருந்தேன். மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "அம்மா நல்லா இருக்காங்க, தூங்கறாங்க" என்றேன். வீணாக எதற்கு ஒரு பிள்ளையைக் கலங்க வைப்பது?

ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பியபோது உள்ளறை ஜன்னல் அகலத் திறந்திருந்தது. தையல் கத்தரியால் நாடாவைக் கீறியிருந்தாள். ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஈரமானியின் முள் அடியோடு சரிந்து கிடந்தது.

"முடியலடா தம்பி. கொஞ்ச நேரம் காத்து வரட்டுமேடா. செத்தா சாவறேன்."

நான் கோபப்படவில்லை. அவளைப் படுக்க வைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், கத்தரியை எடுத்து என் மேஜையில் வைத்தேன். மறுநாள் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். பூட்டு என்று எழுதாதீர்கள். சாப்பாட்டுக்கும் குளியலறைக்கும் நானே திறந்துவிட்டேன். மற்ற நேரத்தில் அவள் தட்டினால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வட்டு பக்குவத்துக்கு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் இருவரை மதியம் அழைத்திருந்தேன். ஒருவர் கண் மருத்துவர், இன்னொருவர் அச்சகம் வைத்திருப்பவர். இந்தத் தேயிலையை மதிக்கத் தெரிந்தவர்கள் என்று எனக்குக் கிடைத்தது அவர்கள் இருவரும்தான். முன்னறையில் சிறிய மண்குடுவை, முட்டை ஓடு அளவுக் கிண்ணங்கள், கெட்டிலில் தண்ணீர். முதல் தண்ணீரை ஊற்றியதும் கொட்டிவிட வேண்டும், அது இலையை எழுப்புவதற்கு. இரண்டாவதிலிருந்துதான் குடிப்பது.

நான் இலையை எழுப்பிக்கொண்டிருந்தபோது அக்கா தட்டத் தொடங்கினாள்.

முதலில் உள்ளங்கையால். அச்சகக்காரர் தலையைத் தூக்கினார்.

"யாரோ தட்ற மாதிரி இருக்கே?"

"மேல் வீட்ல ஏதோ மராமத்து. குடிங்க, ஆறிடும்."

குடித்தார்கள். கண் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் நான் அத்தனை காலம் காத்திருந்தேன். அதன் நடுவே தட்டுவது ஸ்பூனால் தட்டுவதாக மாறியது. சத்தம் கூடவில்லை, அடுத்தடுத்து வந்தது. அக்கா எதையும் இப்படி அவசரப்பட்டுக் கேட்டதே இல்லை. நான் அடுத்த தண்ணீரை ஊற்றினேன். தாரை நூல்போல இறங்கியது. தடித்தால் சாறு கலங்கிவிடும்.

"பக்கத்துலயே கேக்குதே சார்," என்றார் அச்சகக்காரர். நாற்காலியை நகர்த்தி எழுந்துவிட்டார். "உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"அக்கா ஊருக்குப் போயிருக்காங்க. தண்ணிக் குழாய் அடிச்சுக்குது. காத்து அடைச்சா அப்படித்தான்."

அவர் கதவைப் பார்த்தபடி நின்றார். தாழ்ப்பாள் போட்டிருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கும். ஆள் இல்லாத அறையைத்தானே வெளியிலிருந்து தாழிடுவார்கள்? அப்படித்தான் அவரும் நினைத்திருக்க வேண்டும். மெதுவாக உட்கார்ந்தார். அவருடைய கிண்ணத்தை நிரப்பினேன்.

"கடைசில லேசா ஒரு கற்பூர வாசனை நிக்குது," என்றார் கண் மருத்துவர். "பிரமாதம். இதை எப்படிங்க வளத்தீங்க?"

"பொறுமைதான்," என்றேன்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கற்பூர வாசனைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. முதிர்ந்த தேயிலைக்கு அது இயல்பாக வரக்கூடியது. அக்கா எங்காவது ஒரு தைலக் குப்பியை ஒளித்து வைத்திருந்தாலும் வரும். உங்கள் ஆட்கள் அறையைச் சோதித்தார்களே, குப்பி ஏதாவது கிடைத்ததா? தெரிந்தால் நன்றாக இருக்கும்.

சத்தம் நின்றபோது நாங்கள் பாதியைத் தாண்டவில்லை. நல்ல இலை பல தண்ணீர் தாங்கும், பின்னால் வருபவைதான் இனிப்பு. நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொன்னால் அது உங்களை மதிக்காததாகும். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கியிருந்தால் ஒருவேளை மூச்சு திரும்பியிருக்கும், எதிரே ஒரு மருத்துவரும் இருந்தார். நான் கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்தேன்.

அவர்கள் விடைபெற்றுப் போன பிறகு கிண்ணங்களைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். முழுசாகத் திறக்க முடியவில்லை. அக்கா கதவை ஒட்டிக் கிடந்தாள்.

நான் அழைத்ததும் வந்தது அதே நெஞ்சு மருத்துவர்தான். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார், ஜன்னல் நாடாவைப் பார்த்தார், கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். "நான் சொன்னனே," என்று மட்டும் சொல்லிவிட்டு உங்களை அழைத்தார்.

இன்று காலை அக்கா மகள் என்னைப் பார்க்க வந்தாள். நீங்களும் கூட நின்றீர்கள். அவள் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா, அம்மா தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா," என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்ன செய்வது, அக்கா வளர்த்த வளர்ப்பு அப்படி. பொய் சொல்ல எனக்கு வராது.