கறுப்பு போகாத தவா

– அது ஒண்ணை மட்டும் என்னால வெளுக்க முடியலடா காமிலு. கறுப்பாவே நிக்குது. கோவிச்சுக்காதே.

– கோவமா? மாமி, அந்தக் கறுப்பு போவக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட குடுத்தேன்! அதுதான் கோட்டிங். அது இருந்தாதான் தோசை ஒட்டாம வரும்.

– தெரியும், தெரியும். நூறு தடவை சொல்லிட்டே. கையில நாரை எடுத்தா மனசு கேக்குதா? லெப்பைக்குடிக்காட்டுல பாத்திமா பீவி வெளக்குன ஏனத்துல மூஞ்சி பாக்கலாம்னு பேரு. அடுப்புல ஏறினது கறுப்பா இருந்தா எனக்குச் சோறு எறங்காது.

– அந்தக் கையை நம்பித்தானே மூணு கம்பெனி தவாவையும் தேய்ச்சுப் பாக்கச் சொல்லி உங்ககிட்ட குடுத்தேன். பாத்திரக் கடை தொறந்த புதுசுல பெருநாளுக்கு ஒரு தவா குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? அடுத்த வாரம் வந்து பாத்தா, வெள்ளித்தட்டு மாதிரி சொவத்துல மாட்டி வச்சிருக்கீங்க. "கரி புடிச்சதைக் குடுத்திட்டியேடா, சாம்பலும் புளியும் போட்டு எடுத்துட்டேன்"னு பெருமை வேற!

– சிரிக்காதே. துபாய்ல சம்பாரிச்சவன், என் அண்ணன் மவன், யாரோ பொழங்குன பழைய சாமானை என் தலையில கட்டிட்டானேன்னு அன்னிக்கு நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் தெரியுமா? உன் மனசு நோவக் கூடாதுன்னு வெளியில காட்டிக்கல.

– கம்பெனியில பிளேடால கட்டம் கட்டமாக் கீறி, மேல டேப்பை ஒட்டி வெடுக்குன்னு இழுத்துப் பாக்கறான் மாமி. அதுல ஜெயிச்ச தவாகூட உங்க கையில தோத்துப் போச்சு.

– டேப்புக்கு என்ன, கோவமா தாபமா? நான் தேய்க்கறப்ப என் மருமவ ஞாபகமெல்லாம் வரும்ல.

– அல்லாவே! கத்தார்ல இருக்கிற புள்ளை இங்க தவாவுல மாட்டிக்கிச்சு.

– போடா. டீ ஆறுது பாரு. அடுப்புக்கிட்ட இருக்கு, நீயே எடுத்துக்க.

– நானேவா? எப்பவும் என் கையில குடுத்துட்டு, மொத வாய் குடிக்கிற வரைக்கும் நின்னு பாப்பீங்களே.

– உக்காந்தா எந்திரிக்க முடியல, அவ்வளவு சோம்பல். போ, எடு. தவாவெல்லாம் அங்கயேதான் இருக்கு, பாத்துக்க.

– ம்... செவப்புப் பெட்டியில வந்தது இதானே? யா அல்லா, நடுவுல அலுமினியம் பல்லைக் காட்டுது!

– சாம்பலைக் கண்டதுமே அழ ஆரம்பிச்சிட்டான் அவன்.

– நீலப்பெட்டி?

– அதுல கொஞ்சம் மீன் கொழம்பை ஊத்திச் சுண்ட வச்சேன். புளி கொதிக்கக் கொதிக்க, ஓரத்துல அம்மை போட்ட மாதிரி கொப்புளம். எறக்குன சூட்டோட குழாயில காட்டினேன். சொய்ங்னு ஒரு சத்தம், உரிஞ்சுக்கிட்டு வந்திருச்சு.

– சூட்டோட தண்ணியில காட்டாதீங்கன்னு பெட்டி மேலயே போட்டிருக்கான் மாமி.

– பெட்டியை யாருடா படிக்கிறா? உன் கடைக்கு வர்ற பொம்பளைங்க அந்தப் பெட்டியில வெங்காயம் கொட்டி வச்சிருப்பாங்க.

– அதுவும் நெசந்தான். இப்படித்தான் சிறுவாச்சூர்லேருந்து ஒரு அக்கா, கடை நெறைய ஆளு நிக்கறப்ப தவாவைத் தூக்கி என் மேசையில போட்டாங்க. "கறுப்புக் கறுப்பா உரிஞ்சு என் புள்ளை தோசையில கெடக்குது, நீ திம்பியா"ன்னு கேட்டாங்க.

– பாவம்டா நீ.

– இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா, பெரம்பலூர்ல என்னை நம்பி ஒருத்தரும் ஒரு கரண்டிகூட வாங்க மாட்டாங்க. கடையை மூடிட்டு மறுபடியும் பிளைட் ஏற வேண்டியதுதான். என் பொஞ்சாதி ஃபர்ஹா அதை நெனச்சு இப்பவே அழுவறா. அதனாலதான் இனிமே ஒரே கம்பெனின்னு முடிவு பண்ணிட்டேன். கல்யாண சீசன் முழுக்க அதுதான். உங்களால வெளுக்க முடியாத அந்தப் பச்சைப்பெட்டி ஏஜெண்டு லோடை அரியலூர் குடோன்ல வச்சுக்கிட்டு என் போனுக்குக் காத்திருக்கான். எறக்கிட்டா திருப்பி எடுக்க மாட்டான்.

– இப்பவேவா சொல்லப் போறே?

– ஒரு முட்டையை ஒடைச்சு ஊத்திப் பாத்துட்டுச் சொல்றேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்ல, பாத்துக்குங்க... பிஸ்மில்லா... மாமி! இங்க பாருங்க மாமி! ஊதுனா நகருது!

– ஆமாடா. ஏரித் தண்ணியில எலை போற மாதிரி போவுது.

– இதுலயும் சாம்பல் போட்டீங்கதானே?

– போட்டேன்.

– கம்பி நாரு? புளி? சூட்டோட தண்ணி?

– மத்ததுக்குச் செஞ்ச எல்லாந்தான்.

– அத்தனையும் வாங்கிக்கிட்டு ஒரு கீறல்கூட இல்ல! துபாய்ல அத்தனை வருஷம் ஓட்டல் கிச்சன்ல கெடந்தேன், இப்படி ஒரு கோட்டிங்கைப் பாத்ததில்ல. பட்டு மாதிரி இருக்கு. இந்தாங்க, புடிச்சுத் தடவிப் பாருங்க.

– அங்கயே வையி. நான் பாத்ததுதானே.

– கடை வாசல்ல போர்டே வைக்கப் போறேன். 'பாத்திமா பீவி தேய்ச்சும் போகாதது'. போட்டோ எடுத்து கத்தாருக்கு உங்க மவன் அத்னானுக்கு அனுப்பினா, அம்மாவை நெனச்சு அவனும்...

– அத்னான்கிட்ட என்னைப் பத்தி ஒண்ணும் பேசாதே!

– ஏன் மாமி இப்படிப் பதறுறீங்க?

– புது வேலையில இப்பத்தான் சேந்திருக்கான். எனக்கு ஒண்ணுன்னு காதுல விழுந்தா பொட்டியைக் கட்டிட்டு வந்துருவான்.

– போர்டு வச்சதுக்கா வருவான்? நல்லா இருக்கு கதை. சரி, ஏஜெண்டுக்குப் போடறேன்... ரிங் போவுது.

– காமிலு.

– இருங்க மாமி. ஹலோ, சார், பெரம்பலூர் காமில் பேசறேன். உங்க தவா பிரமாதம் சார். லோடை நாளைக்கே...

– வைடா போனை!

– சார், ஒரு நிமிஷம், திருப்பிக் கூப்புடறேன்... என்ன மாமி?

– அதை எறக்காதே. இன்னும் எறக்காதே.

– ஒரு கீறல்கூட இல்லையே!

– நல்ல தவாவாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல. மத்த ரெண்டையும் தேய்ச்ச கை இல்லடா இதைத் தேய்ச்சது. நீலப்பெட்டியை முடிச்ச மறுநா காலையில, தொழுவ எந்திரிச்சா, வலது கை மரத்துப் போயிக் கெடக்கு. நார் நிக்க மாட்டேங்குது, நழுவுது. நீ நம்பிக் குடுத்துட்டுப் போனியேன்னு, இடது கையால என்னமோ தடவி வச்சேன்.

– யா அல்லா... யார்கிட்டயும் சொல்லலையா?

– சொன்னா உடனே அத்னானுக்குப் போயிரும். உன்கிட்டயும் மறைச்சிரலாம்னுதான் இருந்தேன். நீ போனை எடுத்ததும் மனசு கேக்கல. உன் கடைடா அது.

– கடை கெடக்கட்டும். எந்திரிங்க, கார் வாசல்லயே நிக்குது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். என் தோள்ல சாஞ்சுக்குங்க... மாமி, அதனாலதான் டீயை என்னையே எடுத்துக்கச் சொன்னீங்களா?

– இடது கையால எப்படிடா ராசா உனக்குக் குடுப்பேன்?